கோஸ் இலையில் நெளியும் எல்லாப் புழுவும் பகையல்ல: மலைத் தோட்டத்து சிர்பிட் ஈயை அடையாளம் காணும் முறை

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலையின் அடிப்பக்கத்தில் சிறு புழு ஒன்று நெளிந்தால், அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு என்று முடிவு செய்து மருந்து தெளிப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் புழுக்களில் ஒரு பகுதி இலையைக் கடிக்கவே கடிக்காது. அவை அசுவினியைப் பிடித்து உறிஞ்சித் தின்னும் சிர்பிட் ஈயின் புழுக்கள். மலர் ஈ, மிதவை ஈ என்றும் இதைச் சொல்வார்கள். நீலகிரி, கொடைக்கானல் மலைத் தோட்டங்களில் அசுவினியைக் கட்டுக்குள் வைக்கும் முக்கியமான இரைவிழுங்கிகளில் இதுவும் ஒன்று. இதை ஒருமுறை சரியாகப் பார்த்துப் பழகிவிட்டால் ஒன்றிரண்டு தெளிப்புச் செலவாவது மிச்சமாகும்.

புதுச்சேரி கதிர்காமத்தில் இருந்துகொண்டு மலை ஈயைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் இங்குள்ள மாடித்தோட்டங்களிலும் சுற்றுவட்டாரக் காய்கறி வயல்களிலும் கோஸ், அவரை, தட்டைப்பயறு எல்லாவற்றிலும் அசுவினி வரும். பின்னாலேயே சிர்பிட் ஈயும் வரும். படம் எடுத்து இணையத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் குளிர்நாட்டு ஈயின் படம். "எங்கள் செடியில் இருப்பது அப்படி இல்லையே, அப்படியானால் இது கெட்ட பூச்சியா?" என்று கேட்கிறார்கள். மலையில் இருப்பவர்களுக்கு இதே சிக்கல் தலைகீழாக வருகிறது. அவர்கள் கையில் கிடைக்கும் துண்டுப் பிரசுரங்களில் சமவெளி ஈயின் படம் இருக்கும். ஆகவே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

ஈயா, தேனீயா?

வளர்ந்த சிர்பிட் ஈ பார்வைக்குத் தேனீயையோ சிறு குளவியையோ போல இருக்கும். மஞ்சளும் கருப்பும் கலந்த வயிற்றுப் பட்டைகள் பறவைகளை ஏமாற்றுவதற்கான வேஷம்தான். இதற்குக் கொடுக்கு கிடையாது, கையில் பிடித்தாலும் கொட்டாது. தேனீக்கும் குளவிக்கும் நான்கு இறக்கைகள். ஈக்கு இரண்டே இறக்கைகள்தான். பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற சமநிலைக் குமிழ்கள் மட்டும் இருக்கும். தேனீயின் உணர்கொம்பு முழங்கை போல மடிந்து நீண்டிருக்கும். இந்த ஈயின் உணர்கொம்போ குட்டையாக, முகத்தோடு ஒட்டியபடி இருக்கும். தலையின் பெரும்பகுதி கண்தான். ஆண் ஈயின் இரு கண்களும் உச்சியில் ஒன்றையொன்று தொடும், பெண் ஈக்கு நடுவில் இடைவெளி இருக்கும்.

ஆனால் வயலில் நின்றபடி பார்ப்பவருக்கு இவற்றையெல்லாம்விடப் பறக்கும் விதமே போதும். காற்றில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும், சட்டென்று பக்கவாட்டில் விலகும், மறுபடியும் நிற்கும். கைலென்ஸ் வைத்திருப்பவர்கள் இறக்கையையும் பார்க்கலாம். இறக்கையின் நடுவே எந்த நரம்போடும் முறையாகச் சேராத ஒரு மெல்லிய போலி நரம்பு நீளவாக்கில் ஓடும். சிர்பிடே குடும்பத்தை மற்ற ஈக்களிலிருந்து பிரித்துக் காட்டும் முத்திரை அது.

உலகில் இந்தக் குடும்பத்தில் சுமார் 6,000 இனங்கள் உள்ளன. எல்லாமே அசுவினி தின்னிகள் என்று நினைத்துவிடக் கூடாது. சாமந்தி, மாம்பூவில் அமரும் கோடு போட்ட கண் கொண்ட பெரிய ஈயைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் புழு வால் நீண்டது, சாக்கடையிலும் அழுகிய நீரிலும் வளர்வது. அதுவும் சிர்பிட் குடும்பம்தான், ஆனால் அசுவினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொரு குழப்பம் கொள்ளைக்கார ஈ என்று சொல்லப்படும் அசிலிடே குடும்பம். தாடி வைத்தது போன்ற முகமும் முள் முள்ளான கால்களும் கொண்ட அந்த ஈ, பறக்கும் பூச்சிகளைக் காற்றிலேயே பிடித்துத் தின்னும். அங்கே வேட்டையாடுவது வளர்ந்த ஈ. சிர்பிட்டில் வேட்டையாடுவது புழு மட்டுமே, தாய் ஈ மகரந்தமும் தேனும் தின்னும் சைவம்.

மலை ஈயும் சமவெளி ஈயும்

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்குச் சற்று மேல். இந்த உயரங்களில் கோஸ், உருளைக்கிழங்கு, பீன்ஸ் தோட்டங்களின் ஓரத்தில் நீங்கள் பார்க்க வாய்ப்புள்ள ஈ எபிசிர்பஸ் பால்டியேட்டஸ். 1776-இல் டி கீர் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இதை முதலில் விவரித்தார். ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை பரவிக் கிடக்கும் இனம் இது. நம் தென்னிந்தியாவில் குளிர்ந்த மலைகளே இதற்குப் பிடித்த இடம். குளிர்காலத்தில் சமவெளியிலும் தென்படலாம்.

நீளம் 9 முதல் 12 மில்லிமீட்டர். நெஞ்சுப் பகுதி மங்கிய வெண்கலப் பச்சை, அதில் சாம்பல் நிறக் கோடுகள் தெரியும். வயிறு தட்டையானது, ஆரஞ்சு கலந்த மஞ்சள். வயிற்றின் மூன்றாவது, நான்காவது கண்டங்களை உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கருப்புப் பட்டையல்ல, இரண்டு இருக்கும். கீழே அகலமாக ஒன்று, அதற்கு மேலே மெல்லிய மீசை வரைந்ததுபோல இன்னொன்று. இந்த இரட்டைப் பட்டைதான் அடையாளம்.

நிறத்தை மட்டும் நம்பி இனத்தைச் சொல்வது ஆபத்து. கூட்டுப்புழுவாக இருக்கும்போது குளிர் அதிகமானால் ஈயின் கரும்பட்டைகள் அகன்று உடலே கருத்துப் பிறக்கும். வெயில் காலத்தில் அதே இனம் மஞ்சளாகப் பிறக்கும். ஊட்டியில் உறைபனிக் காலத்தில் பிடித்த ஈயும் ஏப்ரலில் பிடித்த ஈயும் வெவ்வேறு இனம்போலத் தோன்றுவது இதனால்தான். பட்டையின் அகலத்தைவிட, அது இரட்டையா ஒற்றையா என்பதே முக்கியம்.

சமவெளியில் அதிகம் கிடைப்பது இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ். தட்டைப்பயறு, அவரை, வெண்டை அசுவினிக் கூட்டங்களில் இதன் புழுவைச் சாதாரணமாகப் பார்க்கலாம். இதன் நெஞ்சின் இரு பக்கங்களிலும் பளிச்சென்ற மஞ்சள் கோடு வரம்பு கட்டியதுபோல ஓடும். வயிறு கருப்பு. இரண்டாவது கண்டத்தில் ஒரு ஜோடி மஞ்சள் பொட்டு, அடுத்த கண்டங்களில் வில்லாக வளைந்த மஞ்சள் பட்டை. இரட்டைக் கரும்பட்டை இதில் இருக்காது. இவற்றோடு பாரகஸ் என்ற சின்ன ஈயும் வரும். ஐந்தாறு மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால் பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விடும்.

மலைக்கு ஓர் இனம், சமவெளிக்கு ஓர் இனம் என்பது சிர்பிட் ஈக்கு மட்டும் உரியதல்ல. வைரமுதுகு அந்துப்பூச்சிப் புழுவின் ஒட்டுண்ணிக் குளவிகளிலும் இதே கதைதான். குளிர்ந்த மலைக்கு டயடெக்மா செமிக்ளாசம், வெப்பமான சமவெளிக்கு கொட்டேசியா என்று பிரித்துத்தான் பரிந்துரை செய்யப்படுகிறது. நன்மை செய்யும் பூச்சியைப் பொறுத்தவரை வெப்பநிலையைப் பார்க்காமல் ஒரே பரிந்துரையை எல்லா ஊருக்கும் பொருத்த முடியாது.

உண்மையில் பார்க்க வேண்டியது புழுவைத்தான்

வளர்ந்த ஈயை அடையாளம் காண்பது பார்க்க அழகு. ஆனால் தெளிப்பதா வேண்டாமா என்ற முடிவு புழுவைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது, தவறும் அங்கேதான் நடக்கிறது.

சிர்பிட் புழுவுக்குக் கால் கிடையாது. தனியாகத் தலை என்று ஒன்றும் தெரியாது. முன்பக்கம் கூர்மையாகக் குறுகியும் பின்பக்கம் மழுங்கியும் இருக்கும். கண் இல்லாத புழு என்பதால் முன்பக்கத்தை இப்படியும் அப்படியும் வீசித் துழாவும். அசுவினி தட்டுப்பட்டதும் கவ்வி, அப்படியே தூக்கிப் பிடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலை எறியும். மலை இனத்தின் புழு கண்ணாடி போல ஒளி ஊடுருவும். உள்ளே குடலும் வெள்ளைக் கொழுப்புத் திட்டுகளும் வெளியிலிருந்தே தெரியும். சமவெளி இஸ்கியோடான் புழு பச்சையாக, முதுகில் ஒரு வெள்ளைக் கோட்டோடு இருக்கும். கோஸ் இலையில் இதைத்தான் அந்துப்பூச்சிப் புழு என்று எளிதில் நினைத்துவிடுகிறார்கள்.

வைரமுதுகு அந்துப்பூச்சிப் புழுவுக்குத் தெளிவான தலை உண்டு, கால்கள் உண்டு, உடல் இரு முனையிலும் குறுகும். குச்சியால் தொட்டுப் பாருங்கள். அது வேகமாகத் துள்ளி நெளிந்து, நூல் விட்டுக்கொண்டு கீழே தொங்கும். சிர்பிட் புழு துள்ளாது. மெதுவாகச் சுருங்கி, பசை வைத்தாற்போல இலையோடு ஒட்டிக்கொள்ளும். லென்ஸ் இல்லை, கண் பார்வை மங்கல் என்றாலும் இந்தத் தொடு சோதனை ஒன்று போதும்.

இலையும் சாட்சி சொல்லும். அந்துப்பூச்சிப் புழு இருந்தால் பச்சையம் சுரண்டப்பட்டு சன்னல் போல வெண்திட்டு இருக்கும், பிறகு ஓட்டை விழும். சிர்பிட் புழு இருக்கும் இடத்தில் காலியான அசுவினித் தோல்களும், தார் பூசியது போன்ற கருப்பு எண்ணெய்ப் பிசுக்குகளும் கிடக்கும். அந்தப் பிசுக்கு புழுவின் கழிவு. பகலில் புழுவைத் தேடிக் கிடைக்காவிட்டாலும் இதை வைத்து அதன் இருப்பைச் சொல்லிவிடலாம். மலை இனத்தின் புழு பெரும்பாலும் இரவில்தான் மேய்கிறது. பகலில் இலைக் காம்பிடுக்கிலும் அடியிலை மடிப்பிலும் பதுங்கியிருக்கும். காலை பத்து மணிக்குச் செடியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "நன்மை செய்யும் பூச்சியே இல்லை" என்று எழுதி வைப்பதில் பொருளில்லை. அதிகாலையில் பாருங்கள், அல்லது இருட்டிய பின் டார்ச் எடுத்துச் செல்லுங்கள்.

முட்டை வெள்ளையாக, சின்ன அரிசிமணி போல, ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அசுவினிக் கூட்டத்துக்குள்ளோ அருகிலோ ஒவ்வொன்றாகத் தனித்தனியே கிடக்கும். கூட்டுப்புழு நீர்த்துளி வடிவில் இலையில் ஒட்டியோ, மேல்மண்ணிலோ இருக்கும். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் முட்டையிலிருந்து ஈயாக ஏறக்குறைய மூன்று வாரம். ஊட்டியின் குளிரில் இன்னும் நீளும். ஒரு புழு தன் வளர்ச்சிக் காலத்தில் பொதுவாக 200 முதல் 400 அசுவினிகளைத் தின்னும், அதில் பெரும்பங்கு கடைசிப் பருவத்தில். அதனால் முதல் சில நாள் "புழு இருக்கிறது, அசுவினி குறையவில்லையே" என்று தோன்றுவது இயல்பு. பெரும்பாலும் அந்த நான்கைந்து நாளில்தான் விவசாயி பொறுமை இழந்து தெளிக்கிறார்.

மலையில் இது எங்கே வாழ்கிறது?

புழுவுக்கு அசுவினி வேண்டும், தாய் ஈக்குப் பூ வேண்டும். மகரந்தம் தின்னாத பெண் ஈக்கு முட்டை முதிராது. இந்த இரண்டும் அருகருகே இருக்கும் இடம்தான் அதன் வாழிடம். மலையில் அது பெரும்பாலும் தோட்டத்துக்கு நடுவில் இருப்பதில்லை. சோலைக்காட்டு விளிம்பு, ஓடைக்கரை, தேயிலைக்கும் காய்கறிக்கும் இடைப்பட்ட வேலி, படிக்கட்டுத் தோட்டங்களின் வரப்புச் சரிவு போன்ற இடங்கள்தான். காற்று அடங்கி, வெயில் இதமாக விழும் காலை நேரத்தில் இந்த ஓரங்களில் பத்து நிமிடம் நின்றால் ஈயைப் பார்க்கலாம். கொட்டும் மழையிலும் வேகக் காற்றிலும் அது பறக்காது.

இந்த ஈயின் வாய் குட்டை. ஆழமான குழல் பூக்களில் அதற்கு எட்டாது. கொத்தமல்லி, சதகுப்பை, கடுகு, கேரட் போன்ற திறந்த சிறு பூக்களே அதற்கு உகந்தவை. அறுவடையில் விட்டுப்போன கேரட் செடிகள் வெள்ளைக் குடையாகப் பூத்து நிற்பதை மலைத் தோட்டங்களில் பார்க்கலாம். வரப்பு ஓரத்தில் அப்படி நிற்கும் பத்துச் செடியைப் பிடுங்காமல் விடுவதற்குச் செலவே இல்லை. கோஸில் வைரமுதுகு அந்துப்பூச்சிக்குக் கவர்ச்சிப் பயிராக 20 வரிசைக்கு ஒரு வரிசை கடுகு போடச் சொல்கிறோம் அல்லவா, அந்தக் கடுகு பூக்கும்போது ஈக்கும் உணவாகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் இயற்கை முறையில் லெட்யூஸ் கீரை பயிரிடுபவர்கள் அலைசம் என்ற சிறுபூச் செடியைக் கீரைக்கு நடுவே வளர்ப்பது சிர்பிட் ஈக்காகவே.

மலை, சமவெளி என்று நாம் கோடு போட்டாலும் இந்த ஈ நெடுந்தூரம் பறக்கக்கூடியது. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பிரெஞ்சு-ஸ்பானிய எல்லையில் உள்ள பைரனீஸ் மலைக் கணவாய்கள் வழியாக இவை கூட்டமாகத் தெற்கே போவதை 1950-இலேயே லாக் தம்பதியர் பார்த்துப் பதிவு செய்தார்கள். தெற்கு இங்கிலாந்தின் வானில் ஆண்டுக்கு 400 கோடி வரை சிர்பிட் ஈக்கள் கடந்து செல்வதாக ரேடார் உதவியுடன் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. எபிசிர்பஸ் பால்டியேட்டஸும் அந்தப் பயணிகளில் ஒன்று. அசுவினி எங்கே பெருகுகிறதோ அங்கே திடீரென்று இந்த ஈ தோன்றுவதன் பின்னணி இந்தப் பறக்கும் திறன்தான்.

தெளிப்பதற்கு முன்

தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20 செடிகளைப் பாருங்கள். அசுவினிக் கூட்டம் உள்ள செடிகளில் எத்தனையில் சிர்பிட் முட்டையோ புழுவோ கருப்புப் பிசுக்கோ இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் இருந்தால் நான்கைந்து நாள் காத்திருந்து அதே செடிகளை மறுபடி பார்க்கலாம். கூட்டம் சுருங்கியிருந்தால் விட்டுவிடலாம். பொறிவண்டுப் புழுவும், ஊதிப்போய்ப் பொன்னிறமான அசுவினியும் கூடவே இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பொன்னிற அசுவினிக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது.

இந்தப் பொறுமை எல்லாப் பயிருக்கும் பொருந்தாது. விதை உருளைக்கிழங்கில் காத்திருக்கக் கூடாது. அங்கே அசுவினியால் வரும் நட்டம் சாறு உறிஞ்சுவதால் அல்ல, அது கடத்தும் இலைச்சுருள் வைரஸ், ஒய் வைரஸ் ஆகியவற்றால். 100 கூட்டிலைக்கு 20 அசுவினி என்பதே விதைப்பயிருக்கு எச்சரிக்கை அளவு. அந்த அளவில் சிர்பிட் ஈ வந்து முட்டையிட்டுப் புழு வளர்ந்து பிடிப்பதற்குள் வைரஸ் பரவிவிடும். நீலகிரியில் முத்தோரையில் 1957 முதல் இயங்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் விதைப்பயிர் வழிமுறையை அங்கே அப்படியே பின்பற்ற வேண்டும். உணவுக் கிழங்குக்கும் கோஸுக்கும் மட்டுமே பொறுத்திருக்க இடம் உண்டு. கோஸிலும் தலை இறுகத் தொடங்கிய பின் உள்மடிப்பில் புகுந்த அசுவினியை ஈயின் புழு எட்டாது. ஆகவே இந்தக் கணக்கெல்லாம் தலை கட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் எதை அடிக்கிறோம் என்பது முக்கியம். செயற்கை பைரித்ராய்டு, டைமெத்தோயேட் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் அசுவினியோடு சிர்பிட் புழுவையும் கொல்லும். பிறகு மீண்டு வருவது அசுவினிதான், ஈ வரப் பல நாளாகும். வைரமுதுகு அந்துப்பூச்சிக்காகத்தான் தெளிக்கிறோம் என்றால் பேசில்லஸ் துரின்ஜியன்சிஸ் (குர்ஸ்டாகி வகை) பயன்படுத்தலாம். அது அந்துப்பூச்சிப் புழுவை மட்டும் தாக்கும், ஈயின் புழுவைத் தொடாது. வேப்பெண்ணெய், வேப்பங்கொட்டைச் சாறு ஓரளவு பாதுகாப்பானவை. முழுக்கப் பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன், வளர்ச்சியைத் தடுக்கும் அதன் தன்மை இளம் சிர்பிட் புழுவையும் பாதிக்கக்கூடும். தோட்டம் முழுக்க அடிக்காமல், அசுவினி மொய்த்த செடிகளுக்கு மட்டும் அடித்தால் மற்ற செடிகளில் ஈ பிழைத்துக்கொள்ளும்.

வைரமுதுகு அந்துப்பூச்சியின் வரலாறே இதற்கு ஒரு பாடம். உலகில் வயல் பயிரில் டி.டி.டி.க்கு எதிர்ப்புத் திறன் பெற்ற முதல் பூச்சிகளில் ஒன்று அது. 1950-களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவின் ஜாவா மலைத் தோட்டங்களில், நம் ஊட்டியைப் போன்ற கோஸ் விளையும் இடத்தில், அது பதிவானது. அந்தப் பூச்சிக்காகப் பழகிக்கொண்ட தெளிப்புதான் இன்று அசுவினியின் எதிரிகளையும் சேர்த்து அழிக்கிறது.

மஞ்சள் ஒட்டுப்பொறி பற்றியும் ஒரு வார்த்தை. அசுவினிக்காக வைக்கும் அந்த மஞ்சள் அட்டையில் சிர்பிட் ஈயும் வந்து ஒட்டும், மஞ்சள் அதற்குப் பூவின் நிறம். அட்டையில் பட்டை வயிற்று ஈக்கள் தொடர்ந்து ஒட்டினால் பொறியின் எண்ணிக்கையைக் குறையுங்கள். அசுவினி வருகையைத் தெரிந்துகொள்ளச் சில பொறிகளே போதும்.

மாடித்தோட்டக்காரர்களுக்கு இன்னும் எளிது. அசுவினி மொய்த்த கொழுந்தைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவதற்கு முன், சிர்பிட் புழு உள்ள இலையை மட்டும் கிள்ளி வேறு அசுவினிச் செடியில் வைத்துவிடுங்கள். பூத்த கொத்தமல்லித் தொட்டி ஒன்று மாடியில் இருக்கட்டும்.

இனத்தை உறுதி செய்ய விரும்பினால்

புழு உள்ள இலையை அசுவினியோடு வெட்டி, அகன்ற பாட்டிலில் போட்டு வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். தினமும் புதிய அசுவினிக் கொழுந்து போட வேண்டும். புழு கூட்டுப்புழுவாகி, ஒன்றிரண்டு வாரத்தில் ஈ வெளிவரும். வெளிவந்த உடனே பார்க்காதீர்கள். நிறம் முழுதாகத் தேற ஒரு நாள் ஆகும். அப்போது வயிற்றுப் பட்டையைப் பார்த்து மேலே சொன்ன அடையாளங்களோடு ஒப்பிடலாம்.

சில கூட்டிலிருந்து ஈ வராமல் மெல்லிய உடல் கொண்ட ஒரு குளவி வரும். டிப்ளசான் லேட்டடோரியஸ் என்ற அந்த ஒட்டுண்ணி, சிர்பிட் ஈயின் முட்டையிலோ இளம் புழுவிலோ தன் முட்டையை இட்டு, கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும். வயலில் கிடக்கும் காலிக் கூட்டைப் பார்த்தே இதைச் சொல்லலாம். முன்முனை மூடி போலச் சீராகத் திறந்திருந்தால் ஈ வெளியேறியது. கடித்துத் துளைத்த ஓட்டை இருந்தால் குளவி. காலிக் கூடுகளில் ஓட்டை விழுந்தவை அதிகமாக இருந்தால் அந்தப் பருவத்தில் சிர்பிட் ஈயை மட்டும் நம்பியிருக்காமல் மற்ற முறைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேரின அளவில் அடையாளம் கண்டாலே வயல் முடிவுக்குப் போதும். துல்லியமான இனப்பெயர் தேவைப்படுவோர் ஈயைச் சிறு குப்பியில் போட்டு, இடம், உயரம், பயிர், தேதி எழுதிய சீட்டோடு கொடுங்கள். புதுச்சேரியில் குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்தையும், நீலகிரியில் குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அல்லது ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். சீட்டில் உயரத்தை எழுத மறந்துவிட வேண்டாம், இந்த ஈக்களைப் பிரித்தறிய அது பெரிதும் உதவும்.